மொரோஹாவுக்கு யார் பதில் சொல்வது? யாஷாஹிமே குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

'இனுயாஷா' என்ற ஜப்பானிய அனிமேத் தொடரையும், அதன் அடுத்த தலைமுறைக் கதையான 'ஹான்யோ நோ யாஷாஹிமே' தொடரையும் உருவாக்கிய சன்ரைஸ் குழுவினருக்கும், அந்தப் படைப்புகளை இன்று கையில் வைத்திருக்கும் பண்டாய் நாம்கோ ஃபிலிம்வொர்க்ஸ் நிறுவனத்தாருக்கும்,

நீங்கள் எடுத்த ஒரே ஒரு முடிவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பாதி அரக்கனான இனுயாஷாவையும், நவீன டோக்கியோவிலிருந்து ஒரு கிணறு வழியாகப் பழைய ஜப்பானுக்கு வந்த ககோமேயையும் அவர்களுடைய கைக்குழந்தை மொரோஹாவிடமிருந்து பிரித்தீர்கள். ஒரு மாயக் கறுப்பு முத்துக்குள் அடைத்து 14 ஆண்டுகள் கதைக்கு வெளியே வைத்தீர்கள். அந்தப் பிரிவு ஒரு மகளை என்ன செய்தது, ஒரு தாயை என்ன செய்தது என்று கடைசிவரை சொல்லாமலேயே தொடரை முடித்துவிட்டீர்கள். 2020 அக்டோபரில் தொடங்கி 2022 மார்ச்சில் முடிந்த 48 எபிசோடுகளில் எனக்குப் பிடிக்காத வேறு சில விஷயங்களும் உண்டு. அவற்றை எல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

முடிந்துபோன தொடருக்கு இப்போது ஏன் கடிதம் என்று நீங்கள் கேட்கலாம். பழைய தொடர்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்துகொண்டிருக்கும் காலம் இது. இனுயாஷாவின் உலகத்துக்கு நீங்களும் என்றாவது ஒருநாள் மறுபடி வருவீர்கள் என்று நம்புகிறேன். வரும்போது இதே தவறு நடக்கக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தொடர் எதைப் பற்றியது என்பதை அதை எடுத்த உங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனால் யாஷாஹிமேயைப் பார்த்த பிறகு அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று படுகிறது. 2000 முதல் 2004 வரை 167 எபிசோடுகள். மூலக்கதையான மங்கா (ஜப்பானியப் படக்கதை) முடியும் முன்பே தொலைக்காட்சித் தொடர் நின்றுபோக, ஐந்து ஆண்டுகள் கழித்து 2009-இல் 'இறுதி அங்கம்' என்று 26 எபிசோடுகளில் அதை முடித்துவைத்தீர்கள். இவ்வளவு நீளத்திலும் எதிரி நராகுவும், எல்லோரும் தேடிய ஷிகோன் மணியின் துண்டுகளும் கதைக்கு ஒரு சாக்குதான். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது வேறு ஒன்று. அந்தக் கூட்டத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் பெற்றவர்களை இழந்தவர்கள். ஷிப்போவின் அப்பாவை இடிச் சகோதரர்கள் கொன்றார்கள். மிரோகுவின் அப்பாவை அவர் கையில் சாபமாக இருந்த காற்றுச் சுழியே விழுங்கியது. சாங்கோ ஒரே இரவில் அப்பாவையும் ஊரையும் இழந்தாள். தம்பி கொஹாகு உயிரோடு இருந்தும் அவளுக்கு இல்லாமல் போனான். இனுயாஷாவோ அப்பா முகத்தையே பார்க்காதவன்; அம்மாவையும் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவன். பாதி அரக்கன் என்றால் என்னம்மா என்று அந்தப் பிள்ளை கேட்க, பதில் சொல்லாமல் அவனை அணைத்துக்கொண்டு அந்தத் தாய் அழுவாளே, அந்தக் காட்சியை நானும் என் வயதொத்தவர்களும் இன்றும் மறக்கவில்லை.

இப்படிப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்து, சண்டை போட்டு, சேர்ந்து சாப்பிட்டு, கடைசியில் ஒரு குடும்பம் ஆனார்கள். அதுதான் இனுயாஷா.

இன்னொரு பாத்திரத்தையும் நினைவுபடுத்த வேண்டும். ஏழாவது எபிசோடைத் தாண்டாத ஒரு பாத்திரம். இனுயாஷாவின் அப்பா வழி அண்ணன் செஷோமாரு முதன்முதலாக வரும்போது, அப்பாவின் கல்லறை இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள, இனுயாஷாவின் இறந்துபோன அம்மாவின் உருவத்தில் ஒரு பேயை அழைத்து வருவான். முகமே இல்லாத பேய். போரிலும் பஞ்சத்திலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் துக்கம் எல்லாம் திரண்டு உருவானது அது. ஏமாற்றுவதற்காக வந்த அந்தப் பேயே கடைசியில் இனுயாஷாவைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்து அழிந்துபோகும். அது அவனைப் பெற்றதில்லை, வளர்த்ததில்லை. இருந்தாலும் ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டால் அதற்குள் இருக்கும் தாய்மை சும்மா இருக்காது என்று நீங்கள் காட்டினீர்கள். வந்துபோகிற ஒரு பேய்க்கே அவ்வளவு மனதை எழுதிக் கொடுத்த தொடர் அது.

அந்தக் கல்லறைக்குப் போகும் வழி எங்கே இருந்தது? இனுயாஷாவின் வலது கண்ணுக்குள் மறைத்து வைக்கப்பட்ட கறுப்பு முத்தில். அதற்குள் போய்த்தான், தன்னைப் பார்க்காமலே இறந்த அப்பா தனக்காக டெஸ்ஸைகாவை விட்டுச் சென்றிருப்பது அவனுக்குத் தெரிகிறது. ககோமேயைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்த பிறகுதான் அந்த வாள் அவனுக்கு வசப்படுகிறது. அப்பாவின் அன்பை அவன் முதன்முதலாகத் தொட்ட இடம் அது.

இருபது ஆண்டுகள் கழித்து அதே கறுப்பு முத்தை எடுத்து என்ன செய்தீர்கள்? அப்பாவையும் அம்மாவையும் போட்டு மூடிவைக்கும் பெட்டியாக்கினீர்கள்.

நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன். முதல் எபிசோடு பெரும்பாலும் பழைய நண்பர்களோடுதான் போகிறது. இனுயாஷாவும் ககோமேயும் கணவன் மனைவியாக, காயெதே பாட்டியின் கிராமத்தில். அதைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. அடுத்த எபிசோடிலிருந்து அவர்கள் இல்லை. அவர்கள் மகள் மொரோஹா மட்டும் இருக்கிறாள். பெற்றவர்கள் எங்கே என்று அவளுக்குத் தெரியாது. நாங்களும் 15-ஆவது எபிசோடு வரை காத்திருந்தோம். அந்த எபிசோடு பழைய கதையைச் சொல்கிறது: சிறுமியாகச் செஷோமாருவின் பாதுகாப்பில் இருந்த ரின் அவனுக்குத் தோவா, செட்சுனா என்ற இரட்டைப் பெண் குழந்தைகளைப் பெறுகிறாள், செஷோமாரு அவர்களைத் தூக்கிக்கொண்டு போகிறான், ஆபத்து நெருங்கும்போது இனுயாஷாவும் ககோமேயும் தங்கள் குழந்தையை மிரோகுவின் தோழன் ஹாச்சியிடம் ஒப்படைக்கிறார்கள், அவன் ஓநாய்க் கூட்டத் தலைவன் கோகாவிடம் கொண்டு சேர்க்கிறான், பிறகு செஷோமாரு அவர்கள் இருவரையும் முத்துக்குள் அனுப்பிவிடுகிறான். எல்லாம் ஒரே எபிசோடில் முடிந்துவிட்டது. பெற்ற பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புகிற ஒரு தாயின் முகத்தை அங்கே கொஞ்ச நேரம் நின்று பார்க்க விட்டிருக்கக் கூடாதா?

என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா வளைகுடாவில் வேலை பார்த்தவர். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்பாக்கள் அப்படித்தான். சில வீடுகளில் அம்மாவும் கூடப் போய்விடுவார். பிள்ளைகள் பாட்டி வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ வளரும். அப்பா விடுமுறைக்கு வரும் நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் எதிர்பார்த்த ஆள் வாசலில் வந்து நிற்பார். நாமோ கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். போட்டோவில் பார்த்த முகத்துக்கும் நேரில் நிற்கும் ஆளுக்கும் ஏதோ பொருந்தாது. அவர் கூப்பிட்டால் பாட்டியைத் திரும்பிப் பார்ப்போம். ரெண்டு நாள் கழித்து, பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்த பிறகுதான், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்ற கோபம் வரும். ஆமாம், கோபம் கடைசியில்தான் வரும். அவருக்கும் நம்மை எப்படித் தூக்குவது, என்ன பேசுவது என்று தெரியாது. ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால் இரண்டாவது சீசனில் மொரோஹா தன் பெற்றோரைச் சந்திக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அந்தச் சந்திப்புக்காகக் காத்திருந்தேன். 14 ஆண்டுகள் அம்மாவின் முகம் தெரியாமல் வளர்ந்த ஒரு பெண், முதன்முதலாக அவள் எதிரே நிற்கப்போகிறாள். அவள் வெட்கப்படுவாளா? ஓடுவாளா? வழக்கம்போல் வாயாடிச் சமாளிப்பாளா? கோபப்படுவாளா? ககோமே என்ன சொல்வாள்? நீங்கள் காட்டிய சந்திப்பில் அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்கு நேரமே இல்லை. அதற்குள் அடுத்த சண்டை வந்துவிடுகிறது, எல்லோரும் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் அப்பா, அம்மா, மகள் மூவரும் உட்கார்ந்து, இழந்துபோன காலத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசும் ஓர் எபிசோடு வருமா என்று தொடர் முடியும்வரை எதிர்பார்த்தேன். வரவில்லை.

போன விடுமுறையில் அக்கா மகள் என்னோடு சேர்ந்து இரண்டு தொடர்களையும் பார்த்தாள். அவள் பிறக்கும் முன்பே வந்த தொடர் இனுயாஷா. அதனால் பழைய பாசம் என்று ஒன்றும் அவளுக்குக் கிடையாது. யாஷாஹிமே ஓடும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: "சாங்கோ அத்தை வீட்டுல மொரோஹா ஏன் வளரல?" என்னிடம் பதில் இல்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். சாங்கோவும் மிரோகுவும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காயெதே இருக்கிறார். கொஹாகு அரக்க வேட்டைக்காரர்களுக்குத் தலைவனாக இருக்கிறான். செட்சுனாவை அந்தக் கூட்டம்தான் சேர்த்துக்கொண்டது. ஆனால் ககோமேயின் மகளோ ஓநாய்க் கூட்டத்தில் இருந்துவிட்டு, யாவராகி என்பவளிடம் பயிற்சிக்குப் போய், அவளுடைய கடனுக்காக ஜூபே என்ற வியாபாரியிடம் விற்கப்படுகிறாள். விற்கப்படுகிறாள்! அரக்கர்களின் தலைகளைக் கொண்டுவந்து கொடுத்துக் கடனை அடைக்கிற பிழைப்பு அவளுக்கு. தோழியின் பிள்ளைக்கு இப்படி நடக்கும்போது சாங்கோ எங்கே இருந்தாள்? ஒருவரை ஒருவர் காப்பாற்ற உயிரைக் கொடுக்கத் துணிந்த கூட்டம் அல்லவா அது? காணாமல் போன நண்பர்களை அவர்கள் தேடினார்களா, தேடிக் களைத்தார்களா, இறந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்களா? எதையும் நீங்கள் காட்டவில்லை. மிரோகுவைக்கூட வீட்டைவிட்டுப் பிரித்து மலையில் தவத்துக்கு அனுப்பிவைத்தீர்கள்.

இதைக் கதையில் ஓட்டை என்று குறை சொல்வதற்காக எழுதவில்லை. பழைய தொடர் கஷ்டப்பட்டுக் கட்டிய குடும்பத்தைப் புதிய தொடர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கலைத்துவிட்டது. என் மனக்குறை அதுதான்.

மொரோஹாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீங்கள் உருவாக்கியதிலேயே மிகச் சிறந்த பாத்திரம் அவள்தான். அப்பாவின் அவசரம், அம்மாவின் வில், வாய் ஓயாத பேச்சு, காசுக்கு அலையும் கண், ஆனால் ஒருவரையும் கைவிடாத மனது. அசூசா ததோகோரோ அவளுக்குக் கொடுத்த குரலில் அந்தத் துள்ளலுக்கு அடியில் ஒரு தனிமையும் கேட்டது. உதட்டுச் சாயத்தைப் பூசிக்கொண்டு பெனியாஷாவாக மாறும்போது கொஞ்ச நேரம் யாராலும் தொட முடியாத பலம் வருகிறது. உடனே அப்படியே சுருண்டு விழுந்துவிடுகிறாள். யாரும் இல்லாமல் வளர்ந்த பிள்ளை தன் சக்திக்கு மீறி ஓடிக் களைத்து விழுவது போன்ற காட்சி அது. இவ்வளவு அழகான ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பெரும்பாலும் சிரிப்பு மூட்டவும் சண்டைக்கு ஆள் சேர்க்கவும்தான் பயன்படுத்தினீர்கள். தோவாவும் செட்சுனாவும் நான்கு வயதில் காட்டுத்தீயில் பிரிந்தவர்கள். தங்கையின் திருடப்பட்ட உறக்கத்தை மீட்க அக்கா அலைகிறாள். அந்த இழை எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. அவர்களுடைய வலிக்கு எபிசோடுகள் கிடைத்தன. மொரோஹாவின் வலிக்குக் கிடைக்கவில்லை.

மூன்று பெண்களும் கொஞ்ச நேரம் நவீன டோக்கியோவுக்கு வருகிறார்கள். ஹிகுராஷி வீடு. ககோமேயின் வீட்டுக்குள் ககோமேயின் மகள் கால் வைக்கிறாள். பழைய தொடரின் கடைசியில், பள்ளிப் படிப்பை முடித்த ககோமே எலும்பு தின்னும் கிணற்றருகே நிற்கும்போது அவள் அம்மா வந்து பக்கத்தில் நின்றாரே, நினைவிருக்கிறதா? மகள் போனால் திரும்பி வரமாட்டாள் என்று தெரிந்தும் அந்தத் தாய் தடுக்கவில்லை. அந்த வீட்டுக்கு இத்தனை வருடம் கழித்துப் பேத்தி வந்திருக்கிறாள். பொதுவாக எந்தக் குடும்பத்திலும் இது சாதாரணமாகக் கடந்துபோகிற நாள் கிடையாது. அந்த வருகையை நீங்கள் அவசரமாகத் தாண்டிப் போனீர்கள். எனக்கு மனது ஆறவே இல்லை.

இதற்கு உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று யூகிக்க முடிகிறது. இது புதிய தலைமுறையின் கதை. பெரியவர்கள் பக்கத்திலேயே இருந்தால் பிள்ளைகள் சாகசம் செய்ய முடியாது. சனிக்கிழமை மாலை ஒளிபரப்பு, சின்னப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். சரி, பெரியவர்கள் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். ஆனால் ஒதுங்குவதற்கு முத்துக்குள் போக வேண்டியதில்லை. முதல் தொடரிலேயே இதற்கு நீங்கள் வழி காட்டியிருக்கிறீர்கள். ககோமேக்கு அம்மா, தாத்தா, தம்பி எல்லோரும் இருந்தார்கள். பரீட்சை வந்தால் கிணறு ஏறி வீட்டுக்கு ஓடுவாள். சாமான்களை எல்லாம் அந்த மஞ்சள் பையில் அடைத்துக்கொண்டு திரும்ப இறங்குவாள். அம்மா இருந்ததால் அவளுடைய சாகசம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. திரும்பிப் போக ஒரு வீடு இருந்ததால்தான் அவள் இந்தப் பக்கம் தங்க முடிவெடுத்ததற்கு அவ்வளவு கனம் வந்தது.

பெற்றவர்களைப் பிரித்தே ஆக வேண்டும் என்றால் பிரியுங்கள், அதுவும் கதைதான். ஆனால் அந்த வலியையும் சேர்த்து எழுதுங்கள். முத்துக்குள் அந்த இருவரும் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள்? குழந்தைக்கு இப்போது என்ன வயது என்று எண்ணிக்கொண்டிருந்தார்களா? வெளியே வர எத்தனை வழி தேடினார்கள்? இனுயாஷா அப்பா இல்லாமல் வளர்ந்தவன். தன் மகளும் அப்படியே வளர்கிறாள் என்ற எண்ணம் அவனை என்ன பாடு படுத்தியிருக்கும்! இந்தக் கேள்வியை யாஷாஹிமே கேட்கக்கூட இல்லை. எனக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் வேறு இல்லை.

ரின்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இங்கே என் வருத்தம் வேறு வகையானது. 'இறுதி அங்கம்' முடியும்போது ரின் காயெதேயிடம் கிராமத்தில் விடப்பட்டிருக்கிறாள். வளர்ந்த பிறகு மனிதர்களோடு வாழ்வதா செஷோமாருவோடு போவதா என்பதை அவளே முடிவு செய்துகொள்ளட்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. எவ்வளவு பொறுப்பாக எழுதப்பட்ட இடம் அது! ஒரு சிறுமியின் வாழ்க்கையை யாரும் அவளுக்காகத் தீர்மானிக்கவில்லை. யாஷாஹிமேயில் அடுத்து நாங்கள் பார்த்தது, அவள் செஷோமாருவின் குழந்தைகளைப் பெறுவதைத்தான். இடையில் வளர்ந்த ரின் எங்கே? அவள் என்ன ஆசைப்பட்டாள், எப்போது, எப்படி முடிவெடுத்தாள்? 48 எபிசோடுகளில் அந்தக் காட்சி இல்லை. இந்த உறவைப் பல ரசிகர்கள் மனதார ஏற்கவில்லை. சிறுமியாக அவன் பாதுகாப்பில் இருந்தவள் அவள் என்ற உறுத்தல் நியாயமானது, எனக்கும் உண்டு. ஏற்றவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்குமே, முடிவெடுக்கும் ஒரு பெண்ணாக ரின்னை நீங்கள் காட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக இரட்டையர்களின் தாய் யார் என்பதை வாரக்கணக்கில் புதிராக வைத்திருந்தீர்கள். விடை வந்த பிறகோ ஜீரோ என்ற எதிரியின் சாபத்தைக் காரணமாக்கி அவளைக் காலத்தின் மரத்துக்குள் தூங்க வைத்தீர்கள். மூன்று பிள்ளைகள், இரண்டு தாய்மார்கள். ஒருத்தி முத்துக்குள், ஒருத்தி மரத்துக்குள். யாரும் பேசவில்லை.

செஷோமாரு பேசாதது அவன் குணம் என்பீர்கள். முதல் தொடரில் அவன் குறைவாகத்தான் பேசினான், ஆனால் ஒவ்வொரு முறையும் மாறினான். பாதாளத்தில் ரின்னின் உயிர் போனபோது, ஒரு வாளுக்காக இவளைச் சாக விட்டேனே என்று உணர்ந்த இடம் அவன் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது. அப்படி மாறியவன், பெற்ற மகள்களைக் காட்டில் விட்டுவிட்டு, ஏன் என்று ஒரு வரிகூட அவர்களிடம் சொல்லாமல் நடந்து போகிறான். எதிரி கிரின்மாருவிடமிருந்து ஒளித்து வைப்பதற்காக என்று நாங்கள்தான் கூட்டிக் கழித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நிலவைப் போல் குளிர்ந்து நிற்பதும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் ஒன்றல்ல.

சண்டைகளையும் ஓவியத் தரத்தையும் பற்றி நிறைய எழுதலாம், ஆனால் அதில் எனக்குப் பெரிய வழக்கு இல்லை. வானவில் முத்துக்கள் தேடல் சூடு பிடிக்கவில்லை, நான்கு பெரும் அரக்கர்கள் மனதில் நிற்கவில்லை, அவ்வளவுதான். கவோரு வாடாவின் இசை மறுபடி கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. மங்காவை உருவாக்கிய ருமிகோ தகஹாஷி வரைந்து கொடுத்த மூன்று பெண்களின் தோற்றமும் அருமை. பழைய தொடரின் திரைக்கதையை எழுதிய கட்சுயுகி சுமிசாவாவே இதற்கும் எழுதினார் என்பதால்தான் என் ஆதங்கம் இன்னும் கூடுகிறது. அந்தக் குடும்பத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அப்புறம், குரல்கள். கப்பேய் யமகுச்சியும் சட்சுகி யுகினோவும் 2000-இல் இனுயாஷா, ககோமே என்ற அந்தப் பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் குரல் கொடுத்தார்கள். இருபது ஆண்டு கழித்து அதே இருவரை அப்பாவாகவும் அம்மாவாகவும் பேச வைக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருந்தது. எத்தனை தொடர்களுக்கு அது வாய்க்கும்? செஷோமாருவாகப் பேசிய கென் நரிட்டா, ரின்னாகப் பேசிய மமிகோ நோட்டோ, சாங்கோவாகப் பேசிய ஹோகோ குவாஷிமா எல்லோரும் வந்தார்கள். மிரோகுவாகப் பேசிய கோஜி சுஜிதானி 2018-இலேயே காலமாகிவிட்டார். அவர் குரல் இனி வராது. மிச்சம் இருப்பவர்களை அழைத்துவந்தும் பெரும்பாலான எபிசோடுகளில் இனுயாஷாவுக்கும் ககோமேக்கும் பேச ஒன்றுமே கொடுக்கவில்லை.

என் கோரிக்கைகளை இப்போது தெளிவாக வைக்கிறேன்.

முதலாவதும் முக்கியமானதும்: மொரோஹா தன் பெற்றோரோடு வாழத் தொடங்கும் காலத்தைப் படமாக்குங்கள். ஒரு திரைப்படமோ சில எபிசோடுகளோ போதும். அதில் புதிய எதிரி வேண்டாம், புதிய முத்து வேண்டாம். ஒரு வீடு, மூன்று பேர், ஒருவரை ஒருவர் தெரியாத 14 ஆண்டுகள் இருந்தால் போதும். மகள் கோபப்படட்டும். ககோமே அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும். இனுயாஷாவுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் போகட்டும். மொரோஹாவின் கடன் கதையைச் சாங்கோ கேட்கும் இடமும் அதில் வர வேண்டும். அவர்கள் ஏன் அவளைத் தேடி வரவில்லை என்பதற்கு ஒரு நேர்மையான பதிலும் வர வேண்டும். முத்துக்குள் கழிந்த காலத்தையும் அந்த இருவரின் பக்கமிருந்து அதிலேயே சொல்லிவிடுங்கள்.

ரின் வளர்ந்து தன் வாழ்க்கையைத் தானே தீர்மானித்த கதையை அவளுடைய பார்வையில் சொல்லுங்கள். சொல்ல முடியாது, அது பொருந்தாது என்று உங்களுக்கே தோன்றினால், அந்த உறவை எழுதியது சரிதானா என்று உங்கள் எழுத்தாளர் அறையில் மறுபடி உட்கார்ந்து பேசுங்கள்.

செஷோமாரு தன் மகள்களுக்கு எதிரே உட்கார்ந்து பதில் சொல்லும் ஒரு காட்சி வேண்டும். நீளம் முக்கியமில்லை, அவன் வாயால் வர வேண்டும்.

இதை எல்லாம் அந்தக் குரல்கள் நம்மோடு இருக்கும்போதே செய்யுங்கள். தள்ளிப்போட்டால் இன்னொருவர் இனுயாஷாவாகப் பேசுவார். எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அது வேறு ஆள்தான்.

கடைசியாக, இனி எந்தப் பழைய தொடருக்குத் தொடர்ச்சி எடுத்தாலும், பழைய நாயகர்களை எங்கே ஒளித்து வைப்பது என்று யோசிக்கும் முன்பு, அவர்கள் பிள்ளைகளிடம் என்ன பேசுவார்கள் என்று ஒரு பக்கமாவது எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கம் எழுத வரவில்லை என்றால் தொடரைத் தொடங்காதீர்கள்.

இப்படிக்கு,
இனுயாஷாவோடு வளர்ந்த ஒரு ரசிகன்